கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும்

எப்பொருளுக்கும் விலை ஒன்றே என்று நாம் எண்ணியிருக்கிறோம். சிறிது ஊன்றி நோக்கினால், ஒவ்வொரு பொருளுக்கும் விலை இரண்டு என்பது விளங்கும். விற்பவன் கேட்கும் விலை ஒன்று. வாங்குபவன் கொடுக்க இசையும் விலை மற்றொன்று. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்தாலன்றி வியாபாரம் நடைபெறுவதில்லை. சந்தையில் கத்தரிக்காய்க்கு இச்சந்திப்பு அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகின்றது. வீட்டுக்கோ மாதங்கள் செல்கின்றன. சில வேளைகளில் ஆண்டுகளும் செல்கின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? மேனாட்டுச் சரித்திரமும் அண்டை நாட்டு அனுபவமும் இது குறித்து நமக்குக் கற்பிப்பன யாவை? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"வீடு வாங்குவதும் விற்பதும் செல்வர் விவகாரம்; தோட்டத்து மக்களாகிய நமக்கு அதனால் ஆவதென்ன?" என்று சிலர் வினவக்கூடும். முன்னாளில் அவ்வினா பொருந்தும். லயத்து வீடு நமதன்று. வேலை உள்ளவரை வீடு உண்டு, வேலை போனால் வீடும் போயிற்று. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல நகர விரிவுக்காக விற்கப்பட்டன. வெளியேறிய நம்மவருள் பலர் சேமநிதிப் பணத்தைக் கொண்டும் வங்கிக் கடனைக் கொண்டும் பட்டணத்தை ஒட்டிச் சிறு வீடுகள் வாங்கினர். தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு முதன்முதலாகத் தம் பெயரில் ஒரு பட்டா கிடைத்தது. அவ்வீடுகள் இன்று ஒவ்வொன்றாக விற்பனைக்கு வருகின்றன. ஆதலின் இது நம் விவகாரமே.

ஒரு பெரியவரின் வீடு

நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. அவர் 180,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு வாங்கினார். பின்கட்டை இழுத்துக் கட்டவும், தரைக்குக் கல் பதிக்கவும், இரும்புக் கதவு போடவும் மேலும் 30,000 வெள்ளி செலவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின்னர், வேற்றூரில் உள்ள மகனோடு வாழ விரும்பி வீட்டை விற்க முற்பட்டார். எதிர்வரிசையில் ஒருவர் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் 230,000 வெள்ளிக்கு விற்றதை அவர் அறிவார். ஆகவே தாமும் 230,000 கேட்டார்.

ஓர் இளைஞர் வந்தார், லாரி ஓட்டுபவர், வேறொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை. அவர் 185,000 கொடுக்க முன்வந்தார். வங்கி அவ்வீட்டை 180,000 என்றே மதிப்பிட்டிருந்தபடியால், அதற்கு மேற்பட்ட ஐயாயிரத்தை அவர் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் அவரால் ஒரு காசும் இயலாது.

பெரியவர் நம்மிடம் வந்து, "கிராணி ஐயா, நான் போட்ட காசாவது வர வேண்டாமா? கேட்பது அநியாயமா?" என்று வினவினார். "அநியாயம் இல்லை, பெரியவரே, பொறுங்கள், விலை ஏறும்" என்று நாம் யோசனை கூறினோம்.

இளைஞர் அடுத்த தெருவில் வேறு வீடு வாங்கிக்கொண்டார். பெரியவர் மகனிடம் சென்றார். வீடு பூட்டிக் கிடந்தது. மீதிக் கடன் 90,000 வெள்ளிக்கு நூற்றுக்கு நாலரை வட்டி. இரண்டாண்டில் வட்டி மட்டும் ஏறக்குறைய 8,000. கூரை ஒழுக்கும் வரியும் சேர்ந்து 3,000. இறுதியில் வீடு 178,000 வெள்ளிக்குப் போயிற்று. விலையில் 7,000, செலவில் 11,000, ஆக 18,000 வெள்ளி நட்டம். மண்டோர் ஒருவரின் சேமிப்பில் இஃது எத்தனை மாதச் சம்பளம் என்பதைத் தோட்டத்து வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் யோசனைதான் அந்நட்டத்துக்குத் துணை நின்றது. இக்கட்டுரையை அதற்கு நாம் செலுத்தும் அபராதம் என்று கொள்க.

ரப்பரும் வீடும்

தோட்டத்தில் வாழும் நமக்கு விலையின் ஏற்ற இறக்கம் புதிதன்று. 1910-ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932-இல் அதே ராத்தல் ஏறக்குறைய 2 பென்னிக்கு இறங்கியது. அவ்வீழ்ச்சியால் நம் மூதாதையர் பலர் வேலையிழந்து கப்பலேறித் திரும்பினர். காடு வெட்டிய கூலி என்ன, கன்று நட்ட செலவு என்ன என்று அச்சந்தை எவரையும் கேட்கவில்லை. தோட்ட முதலாளிக்கு அது கசந்திருக்கும். ஆயினும் அன்றைய விலை இதுவென்பதில் அவருக்கு ஐயம் எழ இடமில்லை. ஒரு ராத்தல் ரப்பர் அதே தரமுள்ள மற்றொரு ராத்தலைப் போன்றதே. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கைமாறுகின்றது. ஆகவே விலை நாள்தோறும் வெளிப்படையாய்த் தெரிகின்றது.

வீடு அத்தகையதன்று. ஒரு வீட்டைப் போல் மற்றொரு வீடு இல்லை. ஒரு மனிதர் தம் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோதான் வீடு விற்கிறார். அன்றைய விலை இதுவென்று அவருக்கு அறிவிக்கும் தந்தி எதுவும் வருவதில்லை. ஆகவே அவர் தம் ஞாபகத்தை நாடுகிறார். அங்கே இரண்டு எண்கள் கிடைக்கின்றன: தாம் போட்ட காசு ஒன்று, அயலார் பெற்றதாகக் கேள்விப்பட்ட உச்ச விலை மற்றொன்று. இரண்டும் கழிந்த காலத்து எண்கள். வாங்குபவரோ வருங்காலத்தையே நோக்குகிறார்: தம் சம்பளம், மாதத் தவணை, பள்ளிக்கூடத்தின் தூரம், கூரையின் ஆயுள். ஒருவர் பின்னோக்கியும் ஒருவர் முன்னோக்கியும் நின்றால் இருவரும் எவ்வாறு சந்திப்பது?

ஒல்லாந்தர் நாட்டுக் கணக்கு

இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு நீண்டகாலக் கணக்கு வேண்டும். அத்தகைய கணக்கு உலகில் மிகச் சில இடங்களிலேயே கிடைக்கின்றது. அவற்றுள் தலையாயது ஒல்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரம். 1641-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர், கீழைநாட்டு வியாபாரத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு தம் தலைநகரில் கால்வாய்க் கரைகளில் மாளிகைகள் எழுப்பிய காலம் அது.

அந்நகரில் 1639-ஆம் ஆண்டு ரெம்பிராண்ட் என்னும் ஓவியர் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கினார். அன்று அவர் புகழின் உச்சியில் இருந்தார். விலையில் ஒரு பகுதியைச் செலுத்தி, மிகுதியைத் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். புகழ் நின்றது; வருவாய் நிற்கவில்லை; தவணையும் செலுத்தப்படவில்லை. 1652 முதல் 1654 வரை ஆங்கிலேயருடன் நடந்த கடற்போர் நகரத்தின் வியாபாரத்தை நலிவித்தது. 1656-இல் அவர் கடன் தீர்க்க வழியற்றவராய்த் தம் உடைமைகளை ஒப்படைத்தார். 1658-இல் வீடு ஏலத்தில் 11,218 கில்டருக்குப் போயிற்று. உலகம் போற்றும் ஓவியர் ஏறக்குறைய இருபது ஆண்டு வாழ்ந்து சித்திரம் தீட்டிய வீடு, வாங்கிய விலையினும் 1,782 கில்டர் குறைவாகவே விலைபோயிற்று. அவர் வாடகை வீட்டுக்குச் சென்றார், 1669-இல் மறைந்தார். அவ்வீடு இன்று அருங்காட்சியகமாய் விளங்குகின்றது. ஆனால் 1658-இல் விலை கூறியவர்கள் இன்றைய புகழுக்கு விலை கூறவில்லை. அன்றைய சுவருக்கும் கூரைக்குமே கூறினர்.

அந்நகரத்தார் வீடு ஏலம் விடும் முறை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பல தலைமுறைகளாக வழங்கிவரும் அம்முறையில் ஏலம் இரண்டு கட்டமாய் நடைபெறும். முதற் கட்டத்தில் விலை ஏறிக்கொண்டே செல்லும். மிகுந்த விலை கூறியவருக்கு ஒரு சிறு தொகை வெகுமதியாகக் கிடைக்கும். இரண்டாம் கட்டத்தில் விலையை மேலே வைத்துப் படிப்படியாய் இறக்குவர். இறங்கிவரும்போது "எனது" என்று முதலில் கூவுபவருக்கே வீடு. எவரும் கூவாவிடில், முதற் கட்டத்தில் மிகுந்த விலை கூறியவரே அவ்விலைக்கு வாங்கியாக வேண்டும். ஒருவர் வாய் திறந்து கேட்க வெகுமதி. மற்றொருவர் மனத்தில் மறைத்து வைத்த உயர்ந்த விலையை வெளிப்படுத்த இறங்குமுக அச்சம். விற்பவரின் ஞாபகத்தை நம்பாமல், வாங்குபவர் மனத்திலுள்ள எண்ணைச் சபையில் வரவழைக்க அவர்கள் கண்ட உபாயம் இது.

நிற்க. அதே நகரில் 'பிரபுக்கள் கால்வாய்' என்னும் பொருளுடைய ஹேரன்கிராக்ட் கரையிலுள்ள வீடுகளின் விற்பனைக் கணக்குகள் நூற்றாண்டுக் கணக்காய்ப் பேணப்பட்டுள்ளன. பியெட் ஐக்கோல்ட்ஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர் அவற்றைத் தொகுத்து, 1628 முதல் 1973 வரையிலான விலைக் குறியெண்ணை 1997-இல் வெளியிட்டார். பொதுவிலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தபோது, அந்த 345 ஆண்டுகளில் வீட்டின் உண்மை விலை ஏறக்குறைய இரண்டு மடங்கே ஆகியிருந்தது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். உலகின் செல்வச் செழிப்பு மிக்க தெருக்களுள் ஒன்றின் கணக்கு இது! "வீடு எப்போதும் ஏறும்" என்று நாம் பெரியவருக்குக் கூறிய வேதவாக்கின் பெறுமதி இவ்வளவே.

அவ்வளர்ச்சியும் நேர்கோட்டில் வந்ததன்று. 1672-இல் பிரெஞ்சுப் படை நாட்டினுள் புகுந்தது. அவ்வாண்டை அந்நாட்டார் இன்றும் பேரழிவு ஆண்டு என்றே வழங்குவர். வீட்டு விலைகள் சரிந்தன. 1810-இல் நெப்போலியன் ஒல்லாந்தைப் பிரான்சுடன் இணைத்தான். அரசாங்கக் கடன் பத்திரங்களின் வட்டி மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அவ்வட்டியை நம்பி வாழ்ந்த கால்வாய்க் கரைச் செல்வர் நலிவுற்றனர். 1795-இல் ஏறக்குறைய 220,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை, 1815-ஐ ஒட்டி ஏறக்குறைய 180,000 ஆகக் குறைந்தது. குடியிருக்க ஆளில்லாத நகரில் மாளிகைக்கு விலை ஏது? பாட்டன் வாங்கிய விலையைப் பேரன் காண முடியாத காலங்கள் அத்தெருவில் உண்டு. கல்லும் மரமும் அவையே. வாங்குபவரின் நிலைமைதான் மாறிற்று.

பாஸ்டன் நகரத்தார் பொறுமை

ரெம்பிராண்ட் பொறுத்திருக்க இயலாதவர். கடன்காரர் அவரை விடவில்லை. பொறுத்திருக்கக் கூடியவர் என்ன செய்கிறார் என்பதைக் காண நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். பாஸ்டன் நகரில் 1980-களில் அடுக்குமாடி வீடுகளின் விலை மிக ஏறிப் பின்னர்ச் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் 1990-களில் விற்கப் புகுந்தபோது என்ன விலை கேட்டனர், என்ன விலை பெற்றனர் என்பதை டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்னும் இருவர் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 200,000-க்கு வாங்கிய வீடு இன்று 160,000 பெறும் என்று வைத்துக்கொள்வோம். வேற்றுமை 40,000. நட்டத்தை எதிர்நோக்கும் விற்பனையாளர், நட்டமில்லாதவரைவிட அவ்வேற்றுமையில் நூற்றுக்கு 25 முதல் 35 பங்கு மிகுத்துக் கேட்கிறார். அதாவது 10,000 முதல் 14,000 வரை. ஆனால் இறுதியில் மிகுதியாய்ப் பெறுவது நூற்றுக்கு 3 முதல் 18 பங்கே. அதாவது 1,200 முதல் 7,200 வரை. அதற்காக அவர் வீடு மற்றவர் வீட்டினும் நெடுநாள் விலைபோகாமல் நிற்கின்றது. பிடிவாதத்துக்குச் சிறிது பலன் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அப்பலன் காத்திருக்கும் செலவை ஈடு செய்யுமா என்பதே கேள்வி. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: வீட்டில் தாமே குடியிருந்தவர்களிடம் இம்மிகை கேட்கும் இயல்பு, இலாபத்துக்காக வாங்கி வைத்தவர்களிடம் இருந்ததைப்போல் இரு மடங்கு இருந்தது.

இது பேராசையன்று. பொருள் கையில் வந்தவுடன் மனிதன் மனம் செய்யும் வேலை. 1990-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவருள் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்று கொடுக்கப்பட்டது. பெற்றவரிடம் என்ன விலைக்கு விற்பீர் என்றும், பெறாதவரிடம் என்ன விலைக்கு வாங்குவீர் என்றும் கேட்டனர். விற்பவர் கேட்ட விலை, வாங்குபவர் கூறிய விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக நின்றது. சிறிது நேரம் கையில் வைத்திருந்த கோப்பைக்கே இவ்வாறாயின், பிள்ளைகளை வளர்த்த வீட்டுக்குக் கேட்பானேன்!

சிங்கப்பூரில் நடந்தது

இனி நம் அண்டை நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு அதன் வீடுகளை வாங்க வழி பிறந்தது. காலப்போக்கில் அவ்வீடுகளின் மறுவிற்பனைச் சந்தை பெரிதாயிற்று. அங்கே ஒரு வழக்கம் வேரூன்றியது. விற்பவர் முதலில் வீட்டுக்கு மதிப்பீடு பெறுவார். பின்னர் அம்மதிப்பீட்டுக்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்பதைப் பற்றியே பேரம் நடக்கும். கடனும் சேமநிதியும் மதிப்பீட்டைக் கடந்து உதவா. ஆகவே அந்த மிகுதியை வாங்குபவர் கைப்பணமாகத் தரவேண்டும். அயலார் இவ்வளவு பெற்றார் என்று கேட்டதும் தாமும் அதற்கு மேல் கேட்பது வழக்கமாயிற்று.

2014-ஆம் ஆண்டு மார்ச் 10 முதல் அரசாங்கம் வரிசையை மாற்றியது. இருவரும் முதலில் விலையை முடிவு செய்ய வேண்டும். மதிப்பீடு அதன் பின்னரே. சிறிய மாற்றந்தான், ஆனால் விற்பவர் பேரத்தைத் தொடங்கக் காலூன்றிய படி அகற்றப்பட்டது. 2013-இன் நடுவில் உச்சத்தைத் தொட்டிருந்த மறுவிற்பனை விலைகள் சில ஆண்டுகள் இறங்குமுகமாயின. மீண்டும் ஏறி அவ்வுச்சத்தை அவை கடந்தது 2021-இலேயே.

"பார்த்தீரா, பொறுத்தவர் வென்றார்" என்று ஒருவர் கூறலாம். எண்ணளவில் வென்றார் என்பது உண்மை. ஆனால் 2021-இன் வெள்ளி, 2013-இன் வெள்ளியன்று. இடையே விலைவாசி ஏறியிருந்தது. அன்றியும் அவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை உடையவை. காத்திருந்த எட்டாண்டும் அக்குத்தகையில் கழிந்துபோயின. தாம் 2013-இல் கேட்ட விலையை அவர் பெற்றபோது, விற்றது அதே வீடன்று. எட்டாண்டு குறைந்த வீடு.

நாம் கற்க வேண்டுவது

இவற்றால் வாங்குபவர் கூறும் விலையே எக்காலத்தும் நியாயம் என்று நாம் கூற வரவில்லை. அவசரத்தில் விற்பவரின் வயிற்றில் அடிப்போர் உண்டு. வீட்டில் குடியிருந்துகொண்டு, கடன் நெருக்கமின்றிப் பொறுத்திருப்பவர் பொறுக்கலாம். அவருக்கு வீடு நாள்தோறும் பயன் தருகின்றது. முதலில் வந்தவரின் சொல்லோடு நின்றுவிடாமல், அண்மையில் அதே வரிசையில் உண்மையாக முடிந்த விற்பனைகளை விசாரித்தறிய வேண்டும். கேட்ட விலைகளை அல்ல, கைமாறிய விலைகளை. இவ்வளவு செய்த பின்னும், பூட்டிய வீட்டை ஞாபகத்தின் பொருட்டுக் காத்திருப்பது நட்டத்துக்கு வட்டி கட்டுவதாகும்.

விற்பவர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இவ்வீடு எனதல்லாதிருந்து, என் கையில் பணமும் இருந்தால், நான் கேட்கும் இவ்விலைக்கு இன்று இதை நான் வாங்குவேனா?" வாங்கமாட்டேன் என்று மனம் கூறுமாயின், பிறர் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

இக்கேள்வியை நாம் பெரியவரிடம் அன்று கேட்கவில்லை. கேட்டிருப்பின் என்ன கூறியிருப்பார் என்று பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அவர் கேட்ட 230,000 வெள்ளி அவ்வீட்டின் விலையன்று என்பது இப்போது விளங்குகின்றது. முப்பதாண்டு விடியற்காலையில் எழுந்து மழையிலும் வெயிலிலும் உழைத்தும், தகுந்தபடி கிடைக்காத கூலியின் பாக்கி அதில் சேர்ந்திருந்தது. லயத்தில் பிறந்தவன் ஒரு வீட்டுக்கு உடையவனானான் என்னும் பெருமிதமும் சேர்ந்திருந்தது. பாக்கி உண்மை, பெருமிதமும் நியாயமானதே. ஆனால் அப்பாக்கியைச் செலுத்த வேண்டியவர் அந்த லாரி ஓட்டும் இளைஞர் அல்லர். அவரும் அதே பாக்கிக்கு வாரிசுதான்.

பழைய பாக்கியை வேறு இடத்தில் கேட்க வேண்டும். சங்கத்தில் கேட்க வேண்டும், சம்பளப் பேச்சில் கேட்க வேண்டும், சட்டசபையில் கேட்க வேண்டும். வீட்டு விலையில் அதனைச் சேர்த்துக் கேட்டால், ஏழை ஏழையிடம் கேட்டதாக முடியும். இருவருக்கும் கிடைப்பது பூட்டிய கதவு.

அடுத்த மாதம் நம் தோட்டத்தில் மேலும் இருவர் ஓய்வு பெறுகின்றனர். இருவருக்கும் பட்டணத்தில் வீடுண்டு. அவர்கள் யோசனை கேட்டு வரின், "பொறுங்கள்" என்னும் ஒரு சொல்லைச் சொல்லுமுன், காகிதமும் எழுதுகோலும் எடுத்து அவர்களோடு அமர்ந்து கணக்கெழுதுவோம்.